புகார் தீர்க்கப்பட்டது

செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் சரசு சலவைக்கடை வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். கட்டிக்கொண்ட தருமன் ஆட்டோ ஓட்டினான். இரண்டு பெரிய வாஷிங் மெஷின், வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு, மாடியில் நாலு கம்பிக் கொடி. ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அவளிடம்தான் வெளுப்புக்கு வரும்.

மாசி மாதம் கிணற்றுத் தண்ணீர் நாற ஆரம்பித்தது. சோப்பை மாற்றிப் பார்த்தாள். மெஷினைக் கழற்றிக் கழுவினாள். நாற்றம் போகவில்லை. அந்த வாரம் பலராமனே கடைக்கு வந்து நின்றார். சந்து முனையில் நாலு மாடி லாட்ஜ் கட்டியிருப்பவர். சரசுக்கு வரும் துணியில் பாதி அவருடையது.

"இன்னாம்மா சரசு, பெட்ஷீட்டெல்லாம் நாத்தம் அடிக்குதுனு கஸ்டமருங்க ரிவ்யூ போடறாங்க. ஒரே ஒரு ஸ்டார் குத்திட்டுப் போறான். என் பேரு இன்னாத்துக்கு ஆவறது?"

அவர் போனதும் சரசு கிணற்றுக்குப் பின்னால் ஓடும் ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தாள். மழைத்தண்ணீர் மட்டும் வரவேண்டிய ஓடை. வேலிக்காத்தான் புதரை விலக்கிப் பார்த்தபோது, லாட்ஜின் பின்சுவருக்கு அடியில் ஒரு குழாய் சாம்பல் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மூக்கைப் பொத்தியபடி அங்கேயே நின்றாள். அவருடைய லாட்ஜ் கழிவு அவருடைய விரிப்பிலேயே நாறுகிறது. கேட்டால் சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நேராகப் போய்ச் சொன்னாள். பலராமன் கோபப்படவில்லை.

"செப்டிக் டேங்க் அடிக்கடி ரொம்பிடுதும்மா. லாரிக்காரன் கூப்பிட்ட நேரத்துக்கு வர்றதில்ல. கவர்மென்ட்டு சாக்கடை போட்டா நான் ஏன் ஓடையில வுடப்போறேன்? உனக்கு வாரத்துக்கு ரெண்டு டேங்கர் நல்ல தண்ணி நான் எறக்கறேன். போதுமா?"

"எனக்கு எறக்குவீங்க. ஓடையோரமா எங்க வரிசையில பதினோரு வீடு இருக்குதுண்ணா. அவங்களுக்கு?"

"அவங்க யாரும் வந்து கேக்கலையே."

"அதான் நான் கேக்கறேன்."

அன்றைக்கே போனில் அரசாங்கப் புகார் ஆப்பை இறக்கினாள். தெருவின் பெயரைத் தேர்வு செய்யச் சொன்னது. பட்டியலில் அவள் தெரு இல்லை. பக்கத்துத் தெருவைப் போட்டாள். ஓடிபி வந்தது, கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் காலாவதி ஆகிவிட்டது. படம் பெரிதாக இருக்கிறது என்றது. சின்னதாக்கிப் போட்டால் தெளிவில்லை என்றது. ஆறாவது தடவை புகார் எண் கிடைத்தது. நாலாம் நாள் குறுஞ்செய்தி: தங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் அளிக்கவும்.

ஓடிப் போய்ப் பார்த்தாள். குழாய் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி போட்டாள். மறுபடி தீர்க்கப்பட்டது. கட்டணமில்லா எண்ணுக்கு அடித்தால் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினால் பாட்டு போட்டது.

"வுட்டுத் தள்ளு சரசு," என்றான் தருமன். "கவர்மென்ட்டு செல்போனுக்குள்ள உக்காந்துகினு இருக்குது. காசு இருக்கறவன் அவங்க எதிர்லயே சேர் போட்டு உக்காந்துகினு இருக்கறான். பாதி துணி அவரோடது. அதுவும் போயிட்டா இன்னா பண்ணுவ?"

"கம்மியா சாப்புடுவேன். இந்தத் தண்ணியில வெளுத்ததை ஒருத்தர் படுக்கையில விரிக்க மாட்டேங்க."

மூன்றாவது தடவை புகார் மூடப்பட்டபோது 'பணி முடிந்த படம்' என்று ஒன்று வந்தது. சுத்தமான கால்வாய், ஓரத்தில் பிளீச்சிங் பவுடர். சரசு அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கால்வாய்க்குப் பின்னால் மலை தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் வரிசையில் நின்றாள். மனு வாங்கிய பெண் அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது முடிஞ்சிடுச்சுனு இருக்கேம்மா. படமே போட்டிருக்காங்க."

"அந்தப் படத்துல மலையைப் பாருங்க மேடம். தலை அஞ்சா பிரிஞ்சு நிக்குது. அது கிரிவலம் போற வழியில, மலைக்கு அந்தாண்ட, குபேர லிங்கத்துப் பக்கம் நின்னு பாத்தா தெரியற மலை. எங்க தெருவுல ஒரே முகடாத்தான் தெரியும். இந்தாங்க, எங்க ஓடையில நின்னு இன்னைக்குக் காலையில நானே எடுத்தது."

அதிகாரி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவரும் பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவராக இருக்க வேண்டும். வேறொன்றும் கேட்காமல் போனை எடுத்தார். "நாளைக்குக் காலையில ஸ்பாட்டுக்கு ஆள் வரணும். படம் வேணாம், நேர்ல."

மறுநாள் இன்ஜினியர் ஒருவர் இரண்டு பணியாளர்களோடு வந்தார். பலராமன் வெள்ளை வேட்டியில் இளநீர் வெட்டி வைத்துக் காத்திருந்தார். "அது மொட்டைமாடி மழைத்தண்ணி பைப்பு சார்," என்றார். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். "எதுலேர்ந்து வருதுனு எப்படிம்மா சொல்றது?"

சரசு கடைக்கு நடந்தாள். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் பெரிய பாட்டிலில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து, பணியாளர் ஒருவர் கையில் கொடுத்தாள். "லாட்ஜ் உள்ள போயி, கீழ இருக்கற கக்கூஸ்ல இதை முழுக்க ஊத்தி, நாலு பக்கெட் தண்ணி வுடுங்கண்ணா. நாங்க இங்க நிக்கறோம்."

பலராமன் வாயைத் திறந்தார். இன்ஜினியர், "ஊத்துப்பா," என்றார்.

எல்லாரும் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரிசை வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். குழாய் கொஞ்ச நேரம் சாம்பலாகவே கொட்டியது. பிறகு கருத்தது. பிறகு பளீரென்று நீலமாக வந்து விழுந்தது. ஜோதியம்மாள் என்கிற பக்கத்து வீட்டுக்காரி கையைத் தட்டியே விட்டாள்.

குழாயைச் சிமெண்ட் போட்டு அன்றே அடைத்தார்கள். அபராத நோட்டீஸ் போனது. லாட்ஜுக்கு இப்போது முறையாக லாரி வருகிறது. பலராமன் தன் துணியை ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கடைக்கு மாற்றிக்கொண்டார். எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தருமன் சவாரி ஜாஸ்தி எடுத்தான். சரசு ஸ்கூட்டியில் விடுதி விடுதியாகப் போய்ப் பேசி மூன்று சின்ன இடங்களைப் பிடித்தாள். கிணற்றை மோட்டார் வைத்து இறைத்து இறைத்து, இரண்டு மழை பெய்த பிறகு, ஆவணியில்தான் தண்ணீர் தண்ணீராக ஆனது. அதுவரை வெளியில் தண்ணீர் வாங்கித்தான் வெளுத்தாள்.

புரட்டாசியில் ஒருநாள் ஓடையோரமாக நடந்தபோது, இன்னும் மேலே, புதிதாகத் திறந்திருந்த கஃபே ஒன்றின் சுவருக்கு அடியில் ஈரம் கசிவதைப் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். அதே நாற்றம். பிறகு போனைக்கூட எடுக்காமல், சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய் அந்தக் கேட்டைத் தட்டினாள்.