பக்ரியின் இடது கால்

பந்தயம் முடிய இரண்டு சுற்று பாக்கியிருக்கும்போது என் தம்பி சத்ரியோ ஸ்டீயரிங்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இருக்கையிலிருந்து எழுந்தான். திரையில் கார்ப் பந்தயம் ஓட்டும் எங்கள் கடையின் ஸ்டீயரிங்குகள் கழற்றக்கூடியவை. பின்பக்கத்து வளையத்தை இழுத்தால் தண்டிலிருந்து கையோடு வந்துவிடும். வெளியே தோல், உள்ளே அலுமினியம், நடுவில் பற்கள் வெட்டிய எஃகுக் குமிழ். இரண்டு கிலோ இருக்கும். கோபத்தில் தரையில் வீசப்போகிறான் என்று நினைத்தேன். வீசிவிட்டுப் போகட்டும் என்று நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த மூன்று நொடி நான் நகர்ந்திருக்க வேண்டும்.

பக்ரி மூன்றாவது இருக்கையில் இருந்தான். காதில் ஹெட்போன், கண் திரையில். சரளைக்கல்லில் மாட்டிக்கொண்ட வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்ரியோ வந்ததை அவன் பார்க்கவேயில்லை. முதல் அடி நெற்றியில். இரண்டாவது அடிக்கு அவன் கையைத் தூக்கினான், விரல் முறிந்தது. மூன்றாவது அடிக்கு சத்ரியோ ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடித்தான். எஃகுக் குமிழ் இடது கண்ணில் இறங்கியது. அதற்குச் சத்தமே வரவில்லை.

நான் பின்னாலிருந்து அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். அவன் முழங்கை என் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று நாக்கில் கிடந்ததைத் துப்பிவிட்டு மறுபடி பிடித்தேன். கடையில் முப்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் கையில் போன் இருந்தது, படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் டீக்கடை வாஹிதும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் உட்கார்ந்தார்கள். தரையில் கன்னம் பதிந்திருக்க அவன் கத்திக்கொண்டேயிருந்தான்: "வேணும்னே இடிச்சான்! எல்லாரும் பாத்தீங்கல்ல? வேணும்னேதான் இடிச்சான்!"

பார்த்தோம். சுவரிலிருந்த பெரிய திரையில் எல்லோரும் பார்த்தோம். நீண்ட நேர்ப்பாதையின் கடைசியில் வலதுபக்க வளைவு. முன்னால் சத்ரியோ, ஒட்டினாற்போல் பின்னால் பக்ரி. பக்ரி வண்டியின் முன்சக்கரங்களிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. வண்டி கொஞ்சமும் திரும்பாமல் நேராகப் போய் சத்ரியோவின் கதவில் இறங்கியது. சத்ரியோ வண்டி தடுப்பைத் தாண்டி மூன்று முறை உருண்டது. ஜெயிக்கிறவனுக்குக் கிழக்கு ஜாவா அணியில் இடம். ஒரே ஒரு இடம். நிஜக் காரில் உட்கார்த்திவைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். இறால் குளிர்கிடங்கில் ஆறு வருஷமாகப் பலகை தூக்கும் வண்டி ஓட்டுகிற என் தம்பிக்கு அந்த இடம் என்னவென்று எனக்குத் தெரியும். சாலையோரம் பஞ்சர் ஒட்டுகிற பக்ரிக்கும் அது அதேதான்.

இரண்டு வாரம் முன்பு அரையிறுதியில் சத்ரியோ பக்ரியைப் புல்லில் தள்ளிவிட்டான். அன்றைக்கு வாஹித் கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் கேட்கும்படி பக்ரி சொன்னான், "அடுத்த வாட்டி நான் பிரேக்கே பிடிக்க மாட்டேன் மச்சான். பாத்துக்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண் போன பிறகு அந்தச் சிரிப்பு யாருக்கும் ஞாபகமில்லை, பேச்சு மட்டும்தான் ஞாபகமிருந்தது.

எங்கள் லீகில் ஏபிஎஸ் கிடையாது. அது நான் வைத்த சட்டம். ஏபிஎஸ் இருந்தால் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும், வண்டியும் திரும்பும். இல்லாவிட்டால் எல்லாம் காலில்தான். ஒரு இழை கூடுதலாக அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் அதற்குக் காது கேட்காது. பயந்தவன் இன்னும் அழுத்துவான். பிழைக்க வேண்டுமானால் எதிரே சுவர் வரும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். உடம்பு அதற்குச் சம்மதிக்காது. எனக்கு அது பழக ஒரு வருஷம் ஆனது. அதில்தான் ஆட்டம் இருக்கிறது என்று நினைத்து இந்தச் சட்டத்தை வைத்தேன்.

மறுநாள் காலை பக்ரியின் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணிலும் ரத்தம் கட்டியிருந்ததால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்களாம். வாஹித் வந்து சொன்னான். சத்ரியோ காவல் நிலையத்தில் இருந்தான். அம்மா தொழுகை முடித்த வெள்ளைத் துணியோடே கடைக்கு வந்து, ரத்தம் கழுவின ஈரத்தரையில் செருப்பில்லாமல் நின்றாள்.

"அவன் வேணும்னேதான் இடிச்சான்னு சொல்லிடு யூனி. மெஷினைப் பத்தி உன்னை விட்டா யாருக்குத் தெரியும்? நீ சொன்னா தண்டனை பாதியாக் குறையும்னு வக்கீல் சொல்றார்."

"இன்னும் பதிவையே பாக்கலம்மா."

"அதைப் பாத்து என்ன ஆகப்போகுது? ஊரே பாத்துச்சு. நீ என்ன புதுசாப் பாக்கப்போற?"

அம்மா போன பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு வண்டியின் பிரேக்கும் சக்கரமும் ஸ்டீயரிங்கும் கோடுகளாகக் கணினியில் இருக்கும். பக்ரியுடையதை மோதிய சுற்றில் நிறுத்தி நொடி நொடியாக நகர்த்தினேன். அவன் பிரேக்குக்கு எப்போதும் இடது காலைத்தான் வைப்பான். அந்தக் கோடு சடாரென்று உச்சிக்குப் போயிருந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் பூஜ்யம். புகை அங்கேதான் கிளம்பியிருக்கிறது. அதற்கு அப்புறம் கோடு இறங்கியது. பாதிக்கும் கீழே இறங்கியது. சத்ரியோவின் கதவு திரையை அடைத்துக்கொண்டு வரும்போது பக்ரி காலை எடுத்திருக்கிறான். மூன்றில் ஒரு பங்கு நொடி. ஒரு சக்கரம் உருளத் தொடங்குகிறது. ஸ்டீயரிங் இடப்பக்கம் முழுசாக ஒடிந்திருக்கிறது, சத்ரியோவை விட்டு விலகி. பிறகு மோதல்.

வேணுமென்று இடிக்கிறவன் காலை எடுக்க மாட்டான். இது எனக்குத் தெரியும். ஒரு போலீஸ்காரருக்கோ நீதிபதிக்கோ இது மேலே போய்க் கீழே வரும் ஒரு கோடு. நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அது.

மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தேன். பெடலின் இடுக்கில் இன்னும் காய்ந்த ரத்தம் இருந்தது. அதே வளைவு, அதே வேகம். உச்சிவரை அழுத்தினேன், சக்கரம் நின்றது, காலை எடுக்கப் பார்த்தேன். இருபது முறை போனேன். பதினேழு முறை என் கால் வரவில்லை.

மதியம் காவல் நிலையத்தில் சத்ரியோவைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கியிருந்தது. உள்ளே யாரோ அடித்திருக்கிறார்கள், யாரென்று அவன் சொல்லவில்லை. நான் கொண்டுபோன சோற்றுப் பொட்டலத்தைத் தொடவில்லை.

"பதிவு பாத்தியாக்கா?"

"பாத்தேன். அவன் காலை எடுத்திருக்கான்டா. சக்கரம் லாக் ஆனதும் எடுத்துட்டான். உன்னைத் தப்பிக்கவைக்கத்தான் இடது பக்கம் ஒடிச்சிருக்கான்."

அவன் பொட்டலத்து ரப்பரை மட்டும் எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே கேட்டான்:

"என் வண்டியோடதையும் பாத்தியா?"

பார்க்கவில்லை. அவன் கேட்கும்வரை பார்க்கவும் தோன்றவில்லை. ஆனால் அதைக் கேட்டபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா தம்பியாக இருபத்தேழு வருஷம்.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அவனுடையதைத் திறந்தேன். பதினான்கு சுற்றும் ஒரே இடத்தில், நூறு மீட்டர் பலகையில், பிரேக் பிடித்திருக்கிறான். மோதிய சுற்றில் மட்டும் பலகைக்கு ரொம்ப முன்னாலேயே, நேர்ப்பாதையில், யாரும் பிரேக்கைத் தொடாத இடத்தில் கோட்டில் ஒரு சின்ன முள். கண் இமைக்கிற நேரம். தொட்டுவிட்டு விட்டிருக்கிறான். ஒட்டிக்கொண்டு பின்னால் வருகிறவனுக்கு அது போதும். முன்வண்டி சட்டென்று பெரிதாகத் தெரியும், பதறிப்போய்க் கால் முழுசாக இறங்கும், சக்கரம் நின்றுவிடும். தம்பி அதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறான். பக்ரி வழுக்கிக்கொண்டு வெளியே போவான் என்று எதிர்பார்த்திருப்பான். தன் கதவிலேயே வந்து விழுவான் என்று எதிர்பார்க்கவில்லை. அவ்வளவுதான் கணக்குத் தப்பியது. அதற்குத்தான் ஒரு கண்.

முதல் கம்பி கண்ணாடிக் கதவில் விழுந்தபோது நான் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்ரியின் பெரியப்பா மகன்கள் மூன்று பேர். கையில் டயர் கழற்றும் கம்பிகள். மூத்தவன் கர்ஜோவை எனக்கு நன்றாகத் தெரியும், என் ஸ்கூட்டருக்குக் காற்றடித்துக் கொடுப்பவன்.

"உன் தம்பி எந்தச் சீட்டுல உக்காந்திருந்தான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவன், "எதுவா இருந்தா என்ன, எல்லாத்தையும் உடைங்கடா" என்றான். திரைகள் ஒவ்வொன்றாக வெடித்தன. ஒரு ஸ்டீயரிங்கைத் தண்டோடு பிடுங்கித் தெருவில் எறிந்தார்கள். தெருவில் நின்ற கூட்டத்தில் ஒருவர்கூட உள்ளே வரவில்லை. ஆறு இருக்கைகளும் முடிந்த பிறகு சின்னவன் மேசைக்கு வந்தான். கணினிமேல் கம்பியை ஓங்கினான். யோசிக்க நேரமில்லை, குறுக்கே கையை நீட்டினேன். மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

"இதை உடைக்காதே!" கீழே விழுந்தபடியே கத்தினேன். "இதுலதான் பக்ரி இருக்கான்! இதை உடைச்சா அவன் வேணும்னே இடிச்சான்னு ஆயிடும்டா!"

கம்பி மறுபடி மேலே போயிருந்தது. கர்ஜோ அதைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன சொல்ற?"

சொன்னேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கால் எப்படி எழுந்தது, சக்கரம் எப்படி உருண்டது, எந்தப் பக்கம் ஒடித்தான் என்று சொன்னேன். அவர்களும் டயரோடு வாழ்கிறவர்கள். சக்கரம் நிற்பதும் உருள்வதும் அவர்களுக்கு விளங்கியது.

"அப்ப உன் தம்பி?" என்றான் கர்ஜோ.

"அதுவும் இதுலதான் இருக்கு."

அவன் சுற்றிலும் உடைந்து கிடந்ததைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, முழங்கையிலிருந்து கழுத்துக்குத் தூளி மாதிரி கட்டிவிட்டான். "மன்னிச்சுக்க" என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் கையில் மாவுக்கட்டோடு போய் இன்ஸ்பெக்டர் பாக் தர்சோனோவின் மேசையில் இரண்டு பதிவுகளையும் வைத்தேன். வயதான மனிதர், 'பாக்' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவோம். முதல் கோட்டை நான் விளக்கியபோது தலையசைத்துக்கொண்டே எழுதினார். இரண்டாவதைத் திறந்தபோது பேனாவை நிறுத்தினார்.

"இதை நீ காட்டணும்னு அவசியம் இல்லையேம்மா. நான் கேக்கலையே."

"தெரியும் பாக்."

"கூடப் பொறந்தவன்."

"எழுதிக்கோங்க."

எழுதினார். நான்கு பக்கம் வந்தது. உடையாத கையால் கையெழுத்துப் போட்டேன். அது இடதுகை. என் கையெழுத்து மாதிரியே இல்லை.

வாசற்படியில் அம்மா காத்திருந்தாள். வக்கீல் உள்ளிருந்தே போனில் சொல்லியிருக்க வேண்டும். நான் இறங்கி வரும்வரை பொறுத்திருந்துவிட்டு, காலிலிருந்த செருப்பைக் கழற்றி என் முகத்தில் அடித்தாள். பல் போன இடத்தில் தையல் போட்டிருந்த ஈறு பிளந்து வாய் முழுக்க ரத்தம். இரண்டாவது அடி, மூன்றாவது அடி. காவலுக்கு நின்ற பையன் ஓடி வந்தான், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் மூச்சு வாங்கும்வரை அடித்தாள். "எனக்கு ஒரே ஒரு பிள்ளைதான்," என்றாள். "அவன் உள்ள இருக்கான்." செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. வேறு எங்கே போவது என்றும் தெரியவில்லை. பக்ரி தலையணையில் சாய்ந்திருந்தான். நெற்றியிலிருந்து மூக்குவரை கட்டு. அவன் மனைவி லஸ்மி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வெளிய போ."

"யாரு?" என்றான் பக்ரி.

"யாருமில்ல. நீ வாயைத் திற."

"நான்தான் பக்ரி. யூனி."

அவன் முகம் என் பக்கம் திரும்பியது. லஸ்மி நடுவில் வந்து நின்றாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன்.

"யூனி அக்கா," என்றான் அவன். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்குது. எல்லாரும் நான் வேணும்னே இடிச்சேங்கறாங்க. நான்தானே வாயை விட்டேன், பிரேக்கே பிடிக்க மாட்டேன்னு. ராத்திரியெல்லாம் நினைச்சுப் பாக்கறேன். ஒருவேளை நெஜமாவே இடிச்சிட்டேனோ?"

லஸ்மி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இதை அவளிடம் அவன் சொன்னதில்லை என்று தெரிந்தது.

"நீ காலை எடுத்தே பக்ரி," என்றேன். "எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். சத்ரியோ செஞ்சதையும் சேர்த்து."

அவன் உதடு கொஞ்சம் திறந்தது. கட்டின் கீழ்விளிம்பு மெல்ல மெல்ல நனைந்து நிறம் மாறிக்கொண்டு வந்தது. ரத்தமா கண்ணீரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. லஸ்மி நகரவில்லை. என்னைப் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. அவள் பிடித்திருந்த கரண்டி அவன் வாய்க்கும் எனக்கும் நடுவில் அப்படியே நின்றது. அதிலிருந்து கஞ்சி சொட்டுச் சொட்டாக வெள்ளை விரிப்பில் விழுந்துகொண்டிருந்தது.