வராந்தாவை விட்டு எழாத குமாஸ்தா

கடற்கரைக்கு மூன்றாவது தெருவில் இருந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா வீட்டு வராந்தாக் கூரையை ஆறு வருஷமாக எந்தத் தூணும் தாங்கவில்லை. நான்கு இரும்புத் தூண்களையும் உப்புக்காற்று எப்போதோ தின்று தீர்த்திருந்தது. குமாஸ்தா வருஷம் தவறாமல் அடித்த பச்சைப் பெயின்ட் மட்டும் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவற்றை எடுத்துவிட்டு மரத்தூண் போட வந்த தச்சர் லேசாகத் தட்டிப் பார்த்தார். சுத்தியல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. நான்கையும் துடைப்பத்தால் கூட்டி அள்ளியபோதும் கூரை இருந்த இடத்திலேயே இருந்தது.

தூணை மாற்றச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள் குமாஸ்தாவின் மனைவி. அவளுக்குத் தூண்மேல் ஒரு அக்கறையும் கிடையாது. வெளியூரில் மகளுக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது, பேத்தியை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. கிளம்பலாம் என்றாலே, "வீட்டை யாரு பாத்துக்குவா?" என்று குமாஸ்தா வராந்தா நாற்காலியில் சாய்ந்துகொள்வார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். வீட்டைச் சரிசெய்துவிட்டால் அந்தச் சாக்கு போய்விடும் என்றுதான் அவள் கத்தினாள். அவரை விட்டுவிட்டுத் தனியாகப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

குமாஸ்தா கை கழுவ உள்ளே போனார். கூரை அரையடி இறங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஏறிக்கொண்டது. தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்து இரண்டு அளவையும் குறித்துக்கொண்டார்.

"சார், அளந்து முடிக்கிற வரைக்கும் எந்திரிக்காதீங்க."

மனைவிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "இத்தனை வருஷமா இதை வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"எனக்கென்ன தெரியும்? எந்திரிச்சா என்னமோ சரியில்லன்னு தோணும். உக்காந்துடுவேன்."

தச்சர் நான்கு தேக்குத் தூண்களை இழைத்து, அடியில் தண்ணீர் ஊறாதபடி தரைக்கு ஓர் அங்குலம் மேலே துருப்பிடிக்காத எஃகுக் கால் வைத்து நிறுத்தினார். நாலாம் நாள் கூரை முனகிக்கொண்டே அவற்றின் மேல் உட்கார்ந்தது. குமாஸ்தா எழுந்து தெருமுனை வரை நடந்து பார்த்தார். ஒன்றும் இறங்கவில்லை. மறுநாளே அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

பஸ்ஸில் அவர் உட்கார்ந்த பக்கம் கூரை ஒரு சாண் உயர்ந்துவிட்டது. "ஒரு பக்கமா தூக்குது சார், நடுவுல வந்து உக்காருங்க" என்றார் கண்டக்டர். அவரும் நடுவில் போய் உட்கார்ந்தார். உயரமான பயணிகள் இரண்டு பேர் நிமிர்ந்து நின்றார்கள்.

மகள் வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் குழந்தையை அவர் மடியில் போட்டார்கள். அது அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. ஐந்து நிமிஷத்தில் அவருக்கு வியர்த்துவிட்டது.

"இந்தா, வாங்கிக்கோ. கை விட்டுப்போச்சு. என்னா கனம் கனக்குறா!"

"கனக்கட்டும்" என்றாள் மனைவி. கையை நீட்டவில்லை.