மஞ்சள் நாடா கட்டிய கிளிப்

விமானத்திலிருந்து குதிப்பவர்கள் என்றால் ஊரார் வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு அவர்களுடைய நாற்றம்தான் தெரியும். பதினெட்டு வருஷமாக அவர்களுடைய பாராசூட் பைகளைத் திறந்து, பார்த்து, மடித்துக் கொடுக்கிறேன். தோள்பட்டை வாரில் வெள்ளை பூத்துக் காய்ந்த வியர்வை, தொடை வாரில் ஒட்டிய சூயிங்கம், மூக்கைச் சிந்திச் செருகிய கைக்குட்டை, ஒரு தடவை பாதி கடித்த வாழைப்பழம். உயிரைக் கட்டித் தொங்கவிடுகிற சாமானை இப்படியா வைத்துக்கொள்வது என்று கேட்டால் பல்லைக் காட்டுவார்கள். வீரர்களாம்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பல் டாக்டர் தன் பையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"மேடம், லேசா ஒரு வாசனை வருது" என்றார்.

"லேசாவா? இது என்ன கருமம்?"

"கார் டிக்கில மீன் வாங்கி வச்சிருந்தேன். கவர் ஓட்டை போல. கொஞ்சம் தண்ணி இறங்கிடுச்சு."

"எப்போ?"

"புதன்கிழமை."

புதன்கிழமை இறங்கிய மீன் தண்ணீர், மூன்று நாள் டிக்கிக்குள் வெந்து, சனிக்கிழமை என் மேஜைக்கு வந்திருக்கிறது. இந்த மனிதர் ஊரார் வாய்க்குள் விரலை விட்டுச் சுத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர். என் முகத்தில் எல்லாம் தெரிந்திருக்கும்.

"பதினோரு மணி ஃப்ளைட்ல என் பேரு இருக்கு. மேலாகத் துடைச்சுக் கொடுத்தீங்கன்னா போதும்" என்று சொல்லிவிட்டு, விமானம் நிற்கிற மைதானத்துப் பக்கம் போய்விட்டார்.

அந்தப் பைக்குள் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவதை ஒவ்வொரு தடவை குதித்த பிறகும் குதித்தவரே மடித்துக்கொள்வார். அது திறக்காவிட்டால் இழுக்கிற இரண்டாவதுதான் ரிசர்வ். அதை உரிமம் உள்ளவர்கள் மட்டுமே தொடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, யாரும் இழுக்காவிட்டாலும், அதைத் திறந்து துணியை விரித்து, காற்றாட விட்டு, தையல் தையலாகப் பார்த்து, புதிதாக மடிக்க வேண்டும். பிறகு சிவப்பு நூல் கட்டி, ஈய முத்திரை அழுத்தி, அட்டையில் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். இந்த மைதானத்தில் அந்த உரிமம் இரண்டு பேருக்குத்தான். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். ஒரு பையை ஒரு தடவை நான் மடித்தால் அடுத்த தடவை அவர் மடிப்பார். ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடிக்க வேண்டும் என்று கல்யாணமான வருஷமே நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் முக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார். அந்த உறிஞ்சும் சத்தத்தைப் பதினெட்டு வருஷமாகக் கேட்கிறேன். இன்னும் பழகவில்லை.

"துடைச்சுக் கொடுத்துடு" என்றார். "அட்டையப் பாரு. ரெண்டு மாசம் முன்னாடிதான் நான் மடிச்சேன்."

"மீன் தண்ணி உள்ள போயிருந்தா? துணி ஒட்டிக்கிட்டிருந்தா?"

"அதெல்லாம் போயிருக்காது. வெயில்ல வை, காஞ்சிடும்."

"நனைஞ்ச பையத் திறக்காம கொடுக்க மாட்டேங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"வீம்பு. சும்மா இருக்கிற வேலைய இழுத்துப் போட்டுக்கிட்டு அப்புறம் இடுப்பு வலிக்குதும்பே." பிஸ்கட் துண்டு டீக்குள் விழுந்துவிட்டது. விரலை விட்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "வேணாம்னா விடேன்."

சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, பையைக் கவிழ்த்து, வெளியெல்லாம் சோப்புத் தண்ணீரால் துடைத்தேன். பிறகு அவருடைய முத்திரையைப் பார்த்தேன். நூல் சரியாக இருந்தது. அட்டையில் அவர் கையெழுத்தும் சரியாக இருந்தது. ரிசர்வ் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். ஸ்பிரிங் துள்ளி வெளியே விழுந்தது. உள்ளே இருந்த துணிப் பொட்டலத்தை மேஜைமேல் எடுத்து வைத்துப் பிரித்தேன்.

மூன்றாவது மடிப்பில் ஒரு கிளிப் கடித்துக்கொண்டிருந்தது.

மடிக்கிறபோது துணி நழுவாமல் இருக்க நாங்கள் கிளிப் போட்டுப் பிடிப்போம். மடித்து முடிக்கிறபோது ஒவ்வொன்றாக எடுத்துவிடுவோம். ஒன்றை மறந்து உள்ளேயே விட்டு மூடினால், அந்த ரிசர்வ் திறக்காது. திறந்தாலும் கிழிந்துதான் திறக்கும். எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலமான தப்பு கிடையாது.

"ஏங்க!" என்று கத்தினேன். அவரை நார் நாராகக் கிழிக்கிற வேகத்தில் வாயைத் திறந்தவள், அப்படியே நிறுத்திவிட்டேன். கிளிப்பின் காதில் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. அவருடைய கிளிப்புகளுக்கு நீல நாடா. மஞ்சள் என்னுடையது.

துணியைப் பார்த்தேன். ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே திருப்பி மடிப்பது என் பழக்கம். அவர் அப்படி மடிக்கமாட்டார். கயிறுகளைப் பிடித்திருந்த ரப்பர் வளையங்கள் நான் வாங்குகிற கறுப்பு வளையங்கள். இது எட்டு மாதத்துக்கு முன்னால் நான் மடித்த மடிப்பு. இரண்டு மாதத்துக்கு முன்னால் யாரும் இதைத் தொடவே இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்ததும் ஞாபகம் வந்தது. மடித்து முடித்ததும் கிளிப்புகளை எண்ணினேன். பன்னிரண்டு இருக்க வேண்டும், பதினொன்றுதான் இருந்தது. இந்த மனிதர் என் கிளிப்பை எடுத்துப் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் போடுகிறவர். எத்தனையோ தடவை போட்டிருக்கிறார். அன்றும் அவர்தான் எடுத்திருப்பார் என்று அவரை ஒரு பாட்டம் திட்டினேன். "எங்கயாவது கிடக்கும்" என்றார். கோபத்தில் நூலைக் கட்டினேன், முத்திரையை அழுத்தினேன், கையெழுத்துப் போட்டேன். மறுநாள் புதுக் கிளிப் வாங்கி, மஞ்சள் நாடா கட்டி, கணக்கைச் சரிசெய்துகொண்டேன். எண்ணிக்கை குறைந்தால் பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது முதல் நாள் சொல்லித்தருகிற பாடம். நான் புருஷனைத் திட்டினேன், பையைத் திறக்கவில்லை.

என் கை எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவர் எழுந்து வந்து கிளிப்பைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. ஆனால் அது ஒரு நிமிஷம்தான்.

"திறக்கவே இல்ல, இல்லையா?" என்றேன்.

"நீ மடிச்சதுதானே" என்றார். "உன் மடிப்பு மேல நான் என்னத்தப் புதுசா மடிக்கிறது? ஊரே சொல்லுது உன் கை மாதிரி வராதுன்னு. உன்ன நம்பித்தான் விட்டேன்."

"என் நூல அறுத்து உங்க நூலக் கட்டியிருக்கீங்க."

"அட்டையில தேதி வரணும்ல."

பதினெட்டு வருஷத்தில் அவர் என்னைப் புகழ்ந்ததெல்லாம் இப்போதுதான் எனக்கு விளங்கியது. உன் கை தங்கமான கை என்பார். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நானும் உச்சி குளிர்ந்து போவேன். தன் வேலையைச் செய்யாமல் இருக்க அவருக்கு அந்தப் புகழ் தேவைப்பட்டிருக்கிறது. மீன் நாற்றம் எவ்வளவோ தேவலை.

"இன்னும் எத்தனை பை?"

"இந்த நாலஞ்சு மாசமாத்தான், எதுவும் இன்னும் உன் கைக்குத் திரும்பி வரல. நீ மடிச்சது மட்டும்தான். வேற யாரு மடிச்சதையும்..."

"வேற யாருங்க இங்க இருக்கா? நம்ம ரெண்டு பேரும் மாத்தி மாத்தித்தானே மடிக்கிறோம்! அப்ப எல்லாமே தானே?"

அவர் மேஜை விளிம்பில் கிடந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டார்.

சுவரில் மணி பத்தே முக்கால். பதினோரு மணி ஃப்ளைட்டில் ஒன்பது பேர். பல் டாக்டரை விட்டால் எட்டு. அதில் நாலு பேருடைய அட்டையில் கடைசிக் கையெழுத்து என் வீட்டுக்காரருடையது.

"இந்தா பாரு, பதறாதே" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மத்த பையில கிளிப் இருக்காது. உனக்குக் கணக்குக் குறைஞ்சது ஒரு தடவைதானே? இத டிராயர்ல போடு. இவரோடதை மறுபடி மடிச்சுடலாம். மத்ததையெல்லாம் அடுத்த வாரம் ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கி ஒவ்வொண்ணா முடிச்சிடறேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. வெளிய தெரிஞ்சா என் உரிமம் மட்டுமா போகும்? உன்னோடதும் சேர்ந்துதான் போகும். அப்புறம் ரெண்டு பேரும் என்ன செய்யறது?"

நான் கிளிப்பை எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு நடந்தேன். யோக்கியம் பேச விரும்பவில்லை. பாக்கெட்டில் போட்டபோது, அவரைக் காட்டிக்கொடுப்போம், இது மட்டும் உள்ளேயே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

விமானத்தின் விசிறி சுற்றத் தொடங்கியிருந்தது. எட்டுப் பேரும் பையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மைதான மேலாளர் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

"யாரும் ஏறக்கூடாது!" என்றேன்.

"என்னக்கா? மேகம் வர்றதுக்குள்ள போகணும்."

"ரிசர்வ் சரியில்ல."

"யாரோடது?"

சொல்லிக்கொண்டிருந்தால் வாதாடிக்கொண்டே ஏறிவிடுவார்கள். வரிசையில் முதலில் நின்ற தடியனை எல்லாரும் பீப்பாய் என்பார்கள். அட்டையில் இவர் கையெழுத்துப் போட்ட நாலு பேரில் அவனும் ஒருவன். நேரே போய் அவனுடைய ரிசர்வ் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். ஸ்பிரிங் துள்ளித் தரையில் உருண்டது. பின்னாலேயே துணிப் பொட்டலம் இறங்கி அவன் முழங்காலுக்குப் பின்னால் தொங்கியது.

"உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினான். அதற்குள் அந்த நாலு பேரில் இன்னொருவனுடையதை இழுத்தேன். மூன்றாவது ஆள் கைப்பிடியைப் பொத்திக்கொண்டு ஓடினான். மேலாளர் விமானியைப் பார்த்துக் கையை ஆட்டினான். விசிறி நின்றது.

"என் வீட்டுக்காரர் திறக்காமலே கையெழுத்துப் போட்டிருக்காரு" என்றேன். "கடைசியா அவர் கையெழுத்துப் போட்ட நாலு பேரோடதும் அப்படித்தான். ஆறு மாசத்துக்கு மேல யாரும் பார்க்கல."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவருடைய தலைமுறையையே இழுத்துத் திட்டினார்கள். பீப்பாய் என் கையைப் பிடித்துக் கும்பிட்டான். புருஷன் என்றுகூடப் பார்க்காமல் வந்து சொன்னீர்களே என்றான். மேலாளர் எனக்கு நாற்காலி போட்டான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் குடித்தேன். அதுதான் அன்றைக்கு நான் செய்த காரியங்களிலேயே அசிங்கமானது. பாக்கெட்டில் கிளிப் தொடையில் குத்திக்கொண்டிருக்க, நல்ல பெண்மணியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

பல் டாக்டர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"என்னோடதும் அப்படித்தானா?"

"ஆமா."

"அப்ப உள்ள இருந்தது நீங்க மடிச்சதா?"

"ஆமா."

அவர் பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. "அப்பாடா. நீங்க மடிச்சதுன்னா பரவாயில்ல மேடம். போன மூணு மாசமா என் பொண்ணும் இதைத்தான் மாட்டிக்கிட்டுக் குதிக்கிறா. பதினாலு தடவை. அந்த அக்கா கை பட்டுச்சுன்னா பயமே இல்லப்பான்னு சொல்லுவா."

நான் எழுந்தேன். பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். இருபது வயது. அப்பாவைப்போல் இல்லை, சுத்தமானவள். வாரத்துக்கு ஒரு தடவை எங்கள் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நான் மடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கிளிப்பை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன்.

"இது உங்க ரிசர்வுக்குள்ள இருந்துச்சு. அவரு போட்டதில்ல. நான் மறந்தது. எட்டு மாசமா உள்ளேதான் கிடந்துச்சு."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் நாடாவை விரலால் தடவினார்.

"இது இருந்தா திறக்குமா?"

"திறக்காது."

மேலாளர் என் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை மெதுவாக வாங்கிக்கொண்டான். டாக்டர் கத்துவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி, என்னிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க" என்றார். "நான் சொன்னா நம்பமாட்டா."

மணி அடித்தது. எடுத்தாள்.

"நான் மடிப்பு ரூம் அக்கா பேசறேன்மா."

"அக்கா! நீங்களா? அப்பா போன்லேர்ந்து என்னக்கா? இன்னும் அரை மணில வந்துடுவேன். என் பை ரெடியா?"