வீட்டுக்காரர் மஸ்கட்டில்

மாடிப்படியின் கைப்பிடியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு ஆய்வாளர் கீழே இறங்கி வந்தபோது, ஷம்சாத் நன்னாரி சர்பத்தோடு அடுக்களை வாசலில் நின்றாள். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். அவருக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும். வெயிலில் வந்த பிள்ளை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றது. குளியலறையைப் பார்த்தாகிவிட்டது. தீயணைக்கும் சிலிண்டரையும், மாடி அறைகள் இரண்டின் ஜன்னல் வலைகளையும் பார்த்தாகிவிட்டது. தம்ளரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே அவர் கேட்டார்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"மஸ்கட்ல இருக்காங்க."

"ரொம்ப வருஷமாவா?"

"ஆமாங்க. நடுநடுவுல வருவாங்க. இப்பதான் கொஞ்சம் இடைவெளி விழுந்துருச்சு."

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஷம்சாத்துக்கு அது மரியாதையான கேள்வியாகத்தான் பட்டது. வந்த மனிதர் குடும்பத்தை விசாரிக்காமல் போனால்தான் குறை.

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிறவர்கள் முதல் நாளே வந்துவிடுவார்கள், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் என்று இரண்டு வேன் நிறைய. கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகள் முகூர்த்த நாட்களில் நிரம்பி வழியும். மிச்சப்பட்டவர்களை வேன் ஓட்டுநர்கள் எங்கள் கடற்கரை ஊருக்கு அழைத்து வருவார்கள். அப்படி ஒரு நாள் மழையில் வந்து நின்ற கூட்டத்துக்கு ஷம்சாத் மாடியைத் திறந்துவிட்டாள். அதன் பிறகு அதுவே அவள் பிழைப்பாயிற்று. அவர்கள் தங்கும் நாட்களில் வீட்டுக்குள் மீன் வராது. பூனைக்குத்தான் கோபம், கொல்லையில் உட்கார்ந்து வைதுகொண்டே இருக்கும். விடியலில் பட்டுப்புடவை சரசரக்கப் படியிறங்கும் கிழவிகளுக்கு அவளே பின்கொசுவம் சரிசெய்துவிடுவாள். திரும்பி வரும்போது கழுத்தில் மாலையோடு, புதுத் தாலிக் கயிற்றின் மஞ்சள் கழுத்தெல்லாம் ஒட்டியிருக்க, அவர்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். ஷம்சாத்தும் சிரிப்பாள். பிறகு அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரமாட்டாள்.

இப்போது புதிதாக விதி வந்திருந்தது. வீட்டில் ஆள் தங்கவைத்து வாடகை வாங்குகிறவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். அவருக்கென்று தனி அறை இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வீடு இல்லை, லாட்ஜ். லாட்ஜுக்கு வேறு சட்டம். அனுமதி கிடைக்காவிட்டால் மாடியைப் பூட்டிவிட்டுச் சென்னையில் மகன் சித்தீக்கின் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். ஒற்றைப் படுக்கையறை வீடு அது. "வித்துட்டு வந்துரும்மா, கூடத்துல கட்டில் போட்டுத் தர்றேன்" என்பான். நல்ல பிள்ளைதான். ஆனால் அடுத்தவர் கூடத்தில் எந்நேரம் படுப்பது, எந்நேரம் எழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பதினைந்து நாள் கழித்துத் தபால் வந்தது. பின்தெரு ஃபிளோராதான் படித்துச் சொன்னாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் யாருக்கும் குரலைத் தாழ்த்திப் பழக்கமில்லை.

"'உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது.' யாருடி வெளிநாட்டுல? நீ கும்பகோணம் தாண்டிப் போனதே மூணு தடவ."

ஷம்சாத் யோசித்தாள். பிறகு மெதுவாக, "வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டாரு. மஸ்கட்லன்னு சொன்னேன்" என்றாள்.

ஃபிளோரா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி! அவரு ஓனரக் கேட்டாருடி. நீ புருஷன சொல்லியிருக்க. புருஷன்னு சொன்னா நாக்கு வெந்துருமா?"

வெந்துவிடும்தான். அந்தச் சொல் ஷம்சாத்தின் தெருவில் சண்டையில் மட்டும் வரும். கணவன் பெயரைச் சொல்வது அதைவிட மோசம். அவங்க, இல்லையென்றால் வீட்டுக்காரர். இத்தனைக்கும் அந்தத் தெருவில் வீடுகள் எல்லாம் பெண்களுடையவை. பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்துத்தான் நிக்காஹ் முடிப்பார்கள். மாப்பிள்ளைதான் வந்து சேருவார். ஷம்சாத்தின் அத்தாவும் அப்படித்தான் இந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதினார். வந்து சேர்ந்த சலாஹுதீன் மூன்றே மாதத்தில் விமானம் ஏறினார். ஆனாலும் தபால்காரர் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அது சலாஹுதீன் வீடு. அவளுக்கும்தான். மாடி இரண்டு அறையும் அவர் வேர்வையில் எழுந்தவை. ஒவ்வொரு விடுப்பிலும் வந்து நின்று, செங்கல் செங்கலாகத் தட்டிப் பார்த்துக் கட்டினார்.

அவர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அங்கே வைத்திருந்த கடை கைமாறிவிட்டது, அதே கடையில் இப்போது சம்பளத்துக்கு நிற்கிறார் என்று பிறர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துப் பேசுவார். பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டால், "யாரு?" என்பார். "விருந்தாளிங்க" என்பாள். "நல்லா கவனி" என்பார். அவ்வளவுதான்.

மறுநாள் இருவரும் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். தண்ணீர் வரி கட்ட வந்தவர்கள் பெஞ்சு நிறைய இருந்தார்கள். அவர்களில் செல்போன் கடை அப்துல் ஹமீதும் ஒருவர். அவருடைய தம்பியும் மஸ்கட்டில்தான் இருக்கிறான். ஷம்சாத் அவரைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் ஒதுங்கினாள். செயல் அலுவலர் மங்களாம்பிகை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மனுவைப் புரட்டினார்.

"உரிமையாளர்னு உங்க பேரு போட்டிருக்கு. ஆனா வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்கார்னு நீங்களே சொன்னதா இவர் எழுதியிருக்காரு. எதும்மா சரி?"

"ரெண்டும் சரிதாங்க."

"ரெண்டும் எப்படிம்மா சரியாகும்?"

"மேடம், அவரு இவளுக்கு வீட்டுக்காரரு. வீட்டுக்கு இல்ல" என்றாள் ஃபிளோரா. பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்து மேசையில் ஆய்வாளர் காது சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டார். மங்களாம்பிகையின் உதடும் துடித்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"அவங்களே சொல்லட்டும். சலாஹுதீன்ங்கறவர் அந்த வீட்டுக்காரரா?"

"இல்லைங்க."

"கொஞ்சம் சத்தமாம்மா. இவர் எழுதணும்."

ஷம்சாத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். செங்கல் தட்டிப் பார்த்த விரல்கள் கண்ணில் வந்து நின்றன. பெஞ்சு முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டால் சென்னை, அடுத்தவர் கூடம், அங்கே ஒரு கட்டில். "சலாஹுதீன் வீட்டுக்காரர் இல்லைங்க" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். "நான்தான் வீட்டுக்காரி."

எழுதுகிற ஆய்வாளர் நிமிர்ந்தார். "அவர் இல்ல, அப்படித்தானேம்மா?"

"இல்ல."

வெளியே படியிறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலாக் போல, 'இல்லை' என்று மூன்று தடவை. அதைச் சொல்கிற உரிமை பெண்ணுக்கு இல்லை, சொன்ன அர்த்தமும் அது இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். ஃபிளோரா பஸ் நிறுத்தத்தில் முலாம்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். இதை அவளிடம்கூடச் சொல்ல முடியாது.

மறு ஆய்வுக்கு அதே பிள்ளை வந்தது. இம்முறை கேள்வியை யோசித்து யோசித்துக் கேட்டார். "நீங்க எங்கம்மா படுக்கறீங்க?"

அடுக்களையை ஒட்டிய நடையைக் காட்டினாள். சுருட்டி வைத்த பாய், ஒரு தலையணை.

"கீழ பூட்டியிருக்கற ரூம்?"

"அவங்க ரூம். வந்தா படுக்கறதுக்கு."

அவர் சங்கடமாக நெற்றியைத் தேய்த்தார். "ஓனருக்கு ஒரு ரூம் வேணும்மா. நடையில படுக்கறீங்கன்னு எழுதினா மறுபடி திரும்பிரும். அது உங்க ரூம்னு எழுதிக்கவா? மாத்திடுவீங்களா?"

"எழுதிக்கங்க."

அந்த வாரமே அனுமதி வந்துவிட்டது. கீழ் அறை உரிமையாளருடையது என்று அதில் இருந்ததை ஃபிளோரா தெருவுக்கே கேட்கப் படித்தாள். அதன் பிறகும் இரண்டு நாள் அந்தக் கதவைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டுத் திறந்தாள். பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. தேக்குக் கட்டில் சுவரோரம் கிடந்தது. கடல் பக்கத்து ஜன்னல் உப்புக் காற்றில் ஊறி மரத்தோடு மரமாக இறுகியிருந்தது. தோளால் இடித்தாள், அசையவில்லை. போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து நாலு அடி கொடுத்த பிறகு ஒரு கதவு மட்டும் படாரென்று திறந்து வெளிச்சம் தரையில் விழுந்தது.

அப்போதுதான் கைபேசி அடித்தது. வெள்ளிக்கிழமை இல்லை.

"என்ன புள்ள, நான் வீட்டுக்காரன் இல்லன்னு சொல்லிட்டியாமே. ஹமீது தம்பி கடைக்கே வந்து சொல்லிட்டுப் போறான்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"ஆபீஸ்ல கேட்டாங்க. அதுக்காகத்தான்..."

"சரியாத்தான சொன்ன. அத்தா குடுத்த வீடு."

"மாடி நீங்க கட்டுனதுன்னு சொல்ல வரல எனக்கு. சொல்லியிருக்கணும்."

"அட விடு." பிறகு, ரொம்ப மெதுவாக, "கீழ ரூமயும் நீ எடுத்துக்கிட்டன்னு கேள்வி" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப நான் வந்தா எங்க படுக்கறது ஷம்சாத்து?"

வந்தா. ஒன்பது வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. விசா என்பார், ஆடிட்டு என்பார், வெயில் என்பார். அவளுக்கு எப்போது என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டால் அந்தச் சொல் பறந்துவிடுமோ என்றும் இருந்தது. அந்த முனையில் யாரோ அரபியில் அவரைக் கூப்பிட்டார்கள். "இரு" என்றார். போனை எங்கோ வைத்த சத்தம், அட்டைப்பெட்டி இழுபடுகிற சத்தம், அவருடைய மூச்சு வாங்கல்.

அவள் கைபேசியைக் காதோடு வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள். கல்யாணத்திலிருந்து சுவர்ப்பக்கம்தான் அவள் இடம். இப்போது உட்கார்ந்திருந்தது வெளிப்பக்கம். அந்த முனையில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிக்கொண்டே இருந்தன. திறந்த ஒற்றைக் கதவு வழியாகக் கடல்காற்று நுழைந்து, சுவர்ப்பக்கத்து வெறும் மெத்தைமேல் பொடி மணலை மெல்லப் பரப்பிக்கொண்டிருந்தது. அவள் இடது கையால் அதைத் தட்டிவிட்டாள். மறுபடி விழுந்தது. மறுபடி தட்டிவிட்டாள்.