ஊசியால போட்ட ஓட்டை

ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுற தபால் ஸ்டாம்ப் ஒண்ண கையில குடுத்தா, அது ஓட்டை போட்டு பிரிச்சதா, கத்தியில வெட்டினதான்னு உங்களால சொல்ல முடியுமா? ரெண்டுக்கும் ஓரத்துல பல்லு இருக்கும். ஓட்டை போட்டத கிழிச்சா பல்லு நுனியில பிசிறு நிக்கும். கத்தி வெட்டினது வழவழன்னு இருக்கும். ஒட்டாம பின் காகிதத்தோட இருந்தா திருப்பி பாக்கணும். கத்தி ஸ்டாம்போட நின்னுடும். ஓட்டைன்னா பின் காகிதத்தையும் சேத்து துளைச்சிருக்கும்.

இங்க வந்ததுலேருந்து ஸ்டாம்ப் சேக்கறவங்களுக்கு விக்கிற ஒரு கடையில இத தரம் பிரிக்கிறதுதான் என் வேலை. என் அக்கா புருஷனும் அங்கதான், பார்சல் கட்டுவாரு. அவர் போட்ட முடிச்சும் அவிழாது, அவர் வாயும் மூடாது. ஒரே ரூம்ல இருக்கோம். அக்கா ஊர்ல இருக்கா.

கப்பல் படம் போட்ட ஸ்டாம்ப் ஒண்ணு உண்டு. கத்தி வெட்டினது குப்பைக்கு சமம், ஓட்டை போட்டது கண்ணுலயே படாது, கெடைச்சா சொன்ன விலைக்கு போகும். மச்சான் குப்பையிலேருந்து பின் காகிதத்தோட இருந்த ஒரு ஜோடிய எடுத்து, ஓரத்த உப்புத்தாள்ல தேய்ச்சு, நடுவுல ஊசியால வரிசையா குத்தி, என்கிட்ட மூச்சு விடாம பூனைக்கு வித்துட்டாரு.

பூனைன்னு நாங்க சொல்றது எங்க பெரிய வாடிக்கையாளர. நடந்தாலும் சத்தம் வராது, பேசினாலும் வராது. எதிர்த்த கடைக்காரர் போன வருஷம் அவர் தலையில ஒரு போலிய கட்டினாரு. அந்தக் கடை ஷட்டர் இன்னும் எறங்கியே கிடக்கு. அந்தக் கடைக்காரரோட சம்சாரம் மட்டும் அப்பப்ப வந்து வாசல்ல நின்னுட்டு போறாங்க.

ஒருநாள் சாயங்காலம் பூனை அந்த ஜோடிய என் மேசையில வச்சாரு.

"தம்பி, பாத்து சொல்லுங்க."

லென்ஸ்ல பாத்தேன். திருப்பி விரலால தடவினேன். மெஷின் ஓட்டைன்னா காகிதத்த வெட்டி எடுத்துடும், மட்டமா இருக்கும். ஊசி வெறுமனே தள்ளும். சின்னச் சின்ன மேடு விரல்ல தட்டுப்பட்டுச்சு. நிமிந்தேன். மச்சான் கையில நூல் அப்படியே நின்னுச்சு. புரிஞ்சு போச்சு.

"ஓட்டை போட்டதுதான் சார்."

அவரும் நகத்தால தடவினாரு, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே. அப்புறம் மச்சான் பக்கம் திரும்பினாரு.

"நல்ல கை உங்களுக்கு. கொஞ்சம் பேசணும். காலையில வண்டி அனுப்பறேன்."

ரூமுக்கு வந்ததும் சொன்னேன். "மச்சான், இப்பவே எங்கயாவது கெளம்பிடுங்க. அவருக்கு தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சா திட்டியிருப்பாரே மாப்ள. மனுஷன் பாராட்டுறாரு, உனக்கு வயிறு எரியுது."

"எதிர்த்த கடைக்காரரையும் அவர் திட்டல."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடா? உங்க அக்கா பரவாயில்ல போல." சிரிச்சுக்கிட்டே சட்டைக்கு இஸ்திரி போட்டாரு. பையில துணிய அடைச்சு அவர்கிட்ட நீட்டினேன். வாங்கி கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாரு.

மறுநாள் காலையில வண்டி வந்துச்சு, மச்சான் ஏறிப் போனாரு. நான் கடைக்கு போனேன். பார்சல் மேசையில முதலாளி ஏற்கெனவே வேற ஆள உக்கார வச்சிருந்தாரு.