அமலினியின் இடது கண்

பலேர்மோவில் பெண்களுக்கு ஐஸ் ஹொக்கி லீக் ஒன்று தொடங்கப்போகிறது, விளையாடுகிறவர்களுக்குச் சம்பளமும் உண்டு என்று மகள் வந்து சொன்னபோது செல்வமலர் நம்பவில்லை. "இந்த வெய்யிலுக்கை ஆரடி ஐஸிலை ஓடுறது?" என்று கேட்டாள். ஆனால் துறைமுகத்துக்குப் பக்கத்தில், மீன் உறையவைக்கும் பழைய கட்டிடம் ஒன்றைத் திருத்தி, உள்ளே ஐஸ் தளம் போட்டே விட்டார்கள். நான்கு நகரங்கள், நான்கு அணிகள். முதல் சீசன் ஒக்டோபரில் தொடங்கியது.

மகள் கிருசாந்தினிக்கு அப்போது இருபத்தொரு வயது. அமலினிக்கும் அதே வயதுதான். எட்டு வயதிலிருந்து இருவரும் கால்சாக் கடற்கரைப் பாதையில் சில்லு ஸ்கேற் கட்டிக்கொண்டு, கையில் தடியோடு ஓடித் திரிந்தவர்கள். நகரத்தின் பொலிதேயாமாப் பகுதியில் ஒரே கட்டிடத்தில்தான் இரண்டு தாய்மாருக்கும் வீட்டுவேலை. செல்வமலருக்கு மூன்றாம் மாடி, அமலினியின் தாய் அகஸ்ரீனாவுக்கு ஐந்தாம் மாடி. ஒருத்தி கோயிலுக்கும் மற்றவள் தேவாலயத்துக்கும் போகிற நேரம் தவிர, பிள்ளைகளைத் தனித்தனியாகக் கண்டவர்கள் குறைவு.

அணிகளுக்கு ஆள் தெரிவு நடந்தபோது கிருசாந்தினி பலேர்மோ அணிக்குப் போனாள். அமலினியைக் கத்தானியா நகர அணி எடுத்துக்கொண்டது. பஸ் ஏற்றிவிடப் போன கிருசாந்தினிதான் அதிகம் அழுதாள்.

"என்னடி, நான் போருக்கே போறன்?" என்று அமலினி சிரித்தாள். "எதிர்ப்பக்கம் நிண்டாலும் உன்ரை விளையாட்டு எனக்குத் தெரியும். கவனமா இரு."

நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு பார்க்க வருகிற கூட்டம் குறைந்தது. தலைக்கவசத்தின் முன்னால் போடும் கம்பிக்கூடு முகத்தை மறைக்கிறது, முகம் தெரியாதவர்களை யார் ரீவியில் பார்ப்பார்கள் என்று லீக்கின் மனேஜர் சொல்லத் தொடங்கினார். கூட்டைக் கழற்றிவிட்டு, மூக்குவரைக்கும் மட்டும் வரும் கண்ணாடித் தகடு போடலாம் என்று விதி மாறியது. கட்டாயம் இல்லை என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொருத்தியாகக் கழற்றினார்கள். அமலினி மட்டும் மாட்டேன் என்று நின்றாள்.

பெப்ரவரிக் கடைசியில் பலேர்மோவும் கத்தானியாவும் மோத இருந்தன. மனேஜர் கிருசாந்தினியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நகரப் பேருந்துகளில் ஒட்டியிருந்தது அவளுடைய படம். தோழியிடம் நீ சொன்னால் கேட்பாள், இரண்டு தமிழ்ப் பெண்களும் முகத்துக்கு முகம் நிற்கிற காட்சி வேண்டும் என்றார். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் அமலினிக்கு அழைத்தாள்.

"எல்லாரும் கழட்டீட்டம். நீ மட்டும் கோழிக்கூட்டுக்கை நிக்கிற மாதிரி நிக்கிறாய்."

"உனக்குப் பயமில்லையோ?"

"நாளைக்கு நீயும் நானும்தானே. என்னடி பயம்?"

"சரி, உனக்காக," என்றாள் அமலினி.

அடுத்த நாள் ஆபிரிக்கப் பக்கமிருந்து சிறோக்கோ என்னும் சூட்டுக்காற்று அடித்தது. கட்டிடத்துக் குளிர்மெசின் அந்தச் சூட்டுக்கு ஈடுகொடுக்கவில்லை. ஐஸின் மேல் தண்ணீர் படர்ந்திருந்தது. அமலினியின் தகப்பன் அருளையா, தான் வேலைசெய்யும் சியாகுல்லித் தோட்டத்தில் பறித்த மண்டரின் தோடம்பழங்களை இரண்டு பைகளில் கொண்டுவந்து, பிள்ளைகளில் ஆளுக்கு ஒன்றென்று மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்.

ஆட்டத்தின் இரண்டாம் பகுதியில், ரப்பர் வட்டுக்காக இருவரும் ஓரப் பலகைப் பக்கம் ஒன்றாக ஓடினார்கள். கிருசாந்தினியின் ஸ்கேற் இளகிய ஐஸில் மாட்டியது. விழும்போது கையிலிருந்த தடி மேலே எழும்பிற்று. அமலினி அவளைப் பிடிக்கத்தான் குனிந்தாள். தடியின் நுனி தகட்டுக்குக் கீழால் போனது.

அமலினி கத்தவில்லை. முழங்காலில் நின்றபடி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அருளையா பலகையைத் தாண்டிக் குதித்தார். சப்பாத்து வழுக்கி விழுந்தார். எழும்ப முடியாமல் நாலு காலில் தவழ்ந்து மகளிடம் போனார். அவர் பின்னால் பழங்கள் ஐஸில் உருண்டன.

மூன்று நாளில் இரண்டு சத்திரசிகிச்சை. இடது கண்ணின் பார்வை போய்விட்டது.

ஆசுப்பத்திரியில் கிருசாந்தினியை உள்ளே விடவில்லை. "இப்ப வேண்டாம் பிள்ளை," என்று மட்டும் அகஸ்ரீனா சொன்னாள். ஒரு கிழமை கழித்து லீக் அறிக்கை விட்டது. வீராங்கனை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் தன் விருப்பத்தின்படியே கம்பிக்கூட்டைக் கழற்றினார் என்று அதில் இருந்தது. கிருசாந்தினி அதை உடைமாற்றும் அறையில் நின்று வாசித்தாள். வாயைத் திறந்தால் லீக் நின்றுபோகும், கூட விளையாடுகிறவர்களுக்கு வேலை போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தனக்கும் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று இருந்தது. அகஸ்ரீனா அன்ரியின் முகத்தை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

விளையாடினாள். மார்ச் முடிவில் பலேர்மோ கோப்பையை வென்றது. படத்தில் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தவள் அவள்தான். அன்று வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றாமலே குளியலறைத் தரையில் இருந்து அழுதாள். விடிந்ததும் சியாகுல்லிக்குப் பஸ் ஏறினாள்.

அமலினி தோட்டத்தில் நின்றாள். கடைசிப் பழங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் காம்புக்கு ஒரு விரல் முன்னால் வெறுங்காற்றை வெட்டியது. மறுபடியும் வெட்டியது. மூன்றாம் தரம்தான் பழம் கையில் வந்தது.

"அமலி," என்றாள் கிருசாந்தினி. "நான்தான் உன்னைக் கழட்டச் சொன்னனான். மனேஜர் சொல்லச் சொன்னவர். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"தெரியும். நானும் சொல்லேல்லை."

"ஏன்டி?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தன். ஒரு மாசம் பாத்தன்." அமலினி பழத்தைக் கூடைக்குள் வைத்தாள். "தடி பட்டதுக்கு எனக்குக் கோவமில்லை. வழுக்கினது, ஆர் என்ன செய்யிறது? நானாத்தான் கழட்டினன் எண்டு அவங்கள் எழுதின அண்டைக்கு நீ ஓடி வருவாய் எண்டு நினைச்சன். நீ வரேல்லை. நேற்றுக் கோப்பையோடை நிக்கிறாய்."

"இப்ப சொல்லுறன்தானே."

"எனக்குச் சொல்லி என்ன? தெரிய வேண்டிய ஆக்களுக்குப் போய்ச் சொல்லு."

வீட்டில் செல்வமலர் இதைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள். "உன்ரை பேரெல்லே பிள்ளை கெட்டுப்போகும்?"

"கெடட்டும் அம்மா."

அகஸ்ரீனா மகளுக்காக அமர்த்தியிருந்த வக்கீலிடம் கிருசாந்தினி போய், மனேஜரின் அறையில் நடந்ததையும் ரெலிபோனில் தான் பேசியதையும் ஒன்றுவிடாமல் சொல்லிக் கையெழுத்து வைத்தாள். அருளையா அப்போது அங்கேதான் இருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை நடந்தது. மனேஜர் விலகினார். இரண்டாம் சீசன் வரவில்லை. ஜூனில் மெசினை நிறுத்தினார்கள், ஐஸ் உருகிச் சாக்கடைக் கானுக்குள் போனது. கூட விளையாடியவர்களில் ஒருத்திகூடக் கிருசாந்தினிக்கு அழைக்கவில்லை. அவள் தாயோடு மூன்றாம் மாடிக்கு வேலைக்குப் போனாள். அகஸ்ரீனா அதற்கு முன்பே ஐந்தாம் மாடி வேலையை விட்டுவிட்டாள்.

அடுத்த வருடம் பொலிதேயாமா பஸ் தரிப்பில் கிருசாந்தினி அமலினியைக் கண்டாள். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிப் பத்திரங்கள் நிரப்பிக் கொடுக்கும் கந்தோர் ஒன்றில் அமலினிக்கு வேலை என்று கேள்விப்பட்டிருந்தாள். அமலினியின் கையில் பத்திரக் கோவை ஒன்று இருந்தது. கிருசாந்தினி நின்றது அவளுடைய இடது பக்கம். அவள் திரும்பவில்லை. அப்படியே போய்விடலாம் என்று கிருசாந்தினி நினைத்தாள். பிறகு சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்றாள்.

அமலினி பார்த்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"அம்மா சுகமா இருக்கிறாவோ?" என்று கேட்டாள். "நீங்கள் எப்பிடி?"

எட்டு வயதிலிருந்து அவள் வாயால் 'நீங்கள்' என்ற சொல் கிருசாந்தினிக்கு வந்ததில்லை.

"ஓம், சுகம்," என்றாள்.

பஸ் வந்தது. அமலினி கம்பியைக் கையால் தேடிப் பிடித்து ஏறினாள்.