தையல் மெஷினுக்கு அடியில் ஒரு குப்பைப் பை

“அக்கா, உன் தையல் மெஷினுக்கு அடியில கொஞ்சம் இடம் கிடைக்குமா?”

தங்கை இப்படிக் கேட்டபோது அக்கா ஒரு சீருடைப் பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். அறிவியல் டீச்சரம்மாவான தங்கை வாசலில் நிற்கிறாள். பக்கத்தில் அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு குப்பைப் பை.

“ஏன்டி, சம்பளத்தை இப்போ இப்படித்தான் தர்றாங்களா?”

“சிரிக்காதே. முதல்ல கதவைச் சாத்து.”

விஷயம் இதுதான். தங்கை வேலை பார்க்கும் பள்ளிக்கூடம், பசுமைப் பள்ளி என்ற அங்கீகாரத்துக்கு மனுப் போட்டிருந்தது. அது கிடைக்க, வருஷ ஆரம்பத்தில் ஒரு வாரம் சேர்ந்த குப்பையில் பாதிக்கு மேல் இந்த வாரம் சேரக் கூடாது. நாளைக்கு ஒரு கமிட்டி வந்து எடையைப் பார்க்கப்போகிறது. பிள்ளைகள் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். காகிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்கள். பென்சில் சீவலைக்கூட விடாமல் உரக்குழிக்குக் கொண்டுபோனார்கள். தங்கையோ ஆறு மாதமாக வீட்டில் வேறு பேச்சே பேசவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் மண்புழுவைப் பற்றி ஆரம்பித்துவிடுவாள். அக்கா காதைப் பொத்திக்கொண்டே ரசித்துக் கேட்பாள்.

நேற்றுவரை எல்லாம் சரி. இன்றைக்குத் தலைமையாசிரியைக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. பிள்ளைகளைப் பாராட்டுவதற்காகப் பள்ளி முழுவதற்கும் பிளாஸ்டிக் கப்பில் கேக் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

“குப்பையைக் குறைச்சதுக்குப் பரிசு குப்பையா!” அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது.

“பெரியவங்க பண்ண கூத்துக்குப் பிள்ளைங்க ஏன்க்கா தோக்கணும்? இந்தக் கப்புகளையும் சேர்த்தா பாதியைத் தாண்டிடும். அதான், எடை போடுறதுக்கு முன்னாடியே எடுத்துட்டு வந்துட்டேன்.” சொல்லிக்கொண்டே தங்கை பையின் முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

சின்ன வயதிலிருந்தே தங்கை உடைத்ததை ஒட்டுவதும் கிழித்ததைத் தைப்பதும் அக்காவின் வேலைதான். பையை மெஷினுக்கு அடியில் தள்ளி, மேலே துணியைப் போட்டு மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தைக்கக் கொடுத்த பாவாடையை வாங்க வந்தவள் கிலோ, தங்கையின் மாணவி. பள்ளியில் தினமும் குப்பையை எடை போடும் பொறுப்பு அவளுடையது என்பதால் அந்தப் பட்டப்பெயர். மற்றபடி காற்றடித்தால் பறந்துவிடுவாள் போலிருப்பாள். டீச்சரைப் பார்த்ததுமே அழுதுவிட்டாள்.

“மிஸ், நாளைக்குக் கமிட்டி முன்னாடி நான் எடை போடல. வேற யாரையாவது போடச் சொல்லுங்க.”

“ஏன்டா கண்ணு?”

“நான் ஏதோ தப்பாப் போட்டுட்டேன் மிஸ். அத்தனை பேரும் கேக் சாப்பிட்டோம், எடை ஏறவே இல்ல. ஆபீஸ்ல இருந்து ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட் வாங்கித் தராசுல வச்சுக்கூடப் பார்த்தேன். தராசு சரியாத்தான் இருக்கு. அப்போ நான்தானே தப்பு?”

அக்கா முந்திக்கொண்டாள். “கப்பெல்லாம் காத்து மாதிரி இருக்கும்மா, அதுல ஏது எடை? இந்தா, பாவாடை சரியா இருக்கான்னு பாரு.” பேசிக்கொண்டே பையைக் காலால் உள்ளே தள்ளினாள். அது சலசலத்தது.

“நான் மக்குன்னு வீட்ல சொல்றது சரிதான் போல ஆன்ட்டி,” என்று கிலோ புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கையின் முகம் மாறியதை அக்கா பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். தங்கை குனிந்து, அக்காவின் காலை மெதுவாக நகர்த்திவிட்டுப் பையை வெளியே இழுத்தாள். கிலோவின் முன்னால் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

“நீ சரியாத்தான் போட்டிருக்கே. தப்பு பண்ணது நான்.”

கிலோ கப்புகளைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். “இதையும் சேர்த்தா நமக்குக் கிடைக்காதே மிஸ்.”

“கிடைக்காட்டி போகட்டும். நாளைக்கு நீயே எடை போடு.”

“ஏன்டி, தலைமையாசிரியை கேட்டா என்ன சொல்வே?” என்றாள் அக்கா.

“கேக் நல்லா இருந்துச்சுன்னு சொல்வேன்.”

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தங்கை பையைத் தூக்கப் போனாள். கிலோ விடவில்லை. தானே முடிச்சை இறுக்கினாள், பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், படியிறங்கிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள்.